விழுங்கியது காசா, பேட்டரியா?

“வாயில என்ன? ஆ காட்டு! துப்பு, துப்பு!” தவழ்கிற குழந்தையோ தத்தித் தத்தி நடக்கிற குழந்தையோ உள்ள வீட்டில் இந்தக் குரல் கேட்காத நாள் குறைவு. அடுத்த சில நொடிகளில் வீடே கூடிவிடும். ஒருவர் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவார். ஒருவர் முதுகில் தட்டுவார். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொல்வார் பாட்டி. வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு ஓடிவருவார் தாத்தா. எல்லாமே அன்பில் பதறிச் செய்கிற காரியங்கள்தான். ஆனால், தானாகவே சரியாகிப் போயிருக்கக்கூடிய சின்ன விபத்தைப் பெரிதாக்கிவிடுவதும் பல நேரம் இவைதான்.

குழந்தைகள் விழுங்கும் பொருள்களில் பெரும்பாலானவை அவசரப்படுத்தாதவை. ஒரு சில மட்டும் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதவை. எது எந்த வகை என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதில் குழந்தையின் குற்றம் ஒன்றுமில்லை. ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் ஒற்றைப் பயறைக்கூடப் பொறுக்கும் திறமை வந்துவிடுகிறது. பொறுக்கியதை வாயில் வைத்துப் பார்த்துத்தான் அந்த வயதில் எதையும் அறிந்துகொள்ள முடியும். பற்களோ முழுதாக வந்திருப்பதில்லை. முன்பற்கள் கடித்துத் துண்டாக்கும். அரைக்கிற கடைவாய்ப் பற்கள் ஒரு வயதுக்கு மேல்தான் முளைக்கத் தொடங்கும். பால்பற்களில் கடைசிக் கடைவாய்ப் பல் வந்து சேர இரண்டரை வயதுபோல் ஆகிவிடும். வேர்க்கடலையை இரண்டாகக் கடிக்கத் தெரிந்த குழந்தையால் அதை மென்று கூழாக்க முடியாது. ஆறு மாதம் தொடங்கி மூன்று வயது வரை இந்த விபத்துகள் மிகுதியாக நடக்கின்றன.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மியூட்டர் அருங்காட்சியகம் என்ற மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சில இழுப்பறைகள் நிறையப் பொத்தான்கள், ஊக்குகள், காசுகள், கொட்டைகள், பொம்மைத் துண்டுகள். அனைத்தும் மனிதர்களின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் எடுக்கப்பட்டவை, இரண்டாயிரத்துக்கும் மேல். எடுத்தவர் செவாலியர் ஜாக்சன் (1865–1958) என்ற தொண்டை மருத்துவர். அவரிடம் வந்தவர்களில் ஏராளமானோர் குழந்தைகள். கத்தி வைக்காமல் வாய் வழியே குழாயைச் செலுத்தி மூச்சுக்குழாயில் சிக்கியதை எடுக்க முடியும் என்று 1897-ல் காட்டியவர் ஜெர்மனியின் குஸ்தாவ் கில்லியன். அந்த முதல் நோயாளி, பன்றி எலும்புத் துண்டு சிக்கிக்கொண்ட ஒரு விவசாயி. ஜாக்சன் அந்த முறையைக் குழந்தைகளின் மெல்லிய குழாய்களுக்கும் பொருந்தும்படி செம்மைப்படுத்தினார்.

ஜாக்சனை இங்கே நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் துப்புரவுக்கு வைத்திருந்த காரத்தைக் குடித்து உணவுக்குழாய் வெந்து சுருங்கிய குழந்தைகள் அவரிடம் தொடர்ந்து வந்தார்கள். அவர் சிகிச்சையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த டப்பாக்களின் மேல் ‘விஷம்’ என்று அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அலைந்து வாதாடினார். 1927-ல் அதற்கான சட்டம் வந்தது. விபத்து என்றாலே “அம்மா எங்கே போனாள்?” என்று கேட்கிற உலகத்தில், பொருளைச் செய்து விற்கிறவரையும் பொறுப்பாளியாக்கிய மருத்துவர் அவர்.

குழந்தைகள் விழுங்குவதில் முதலிடம் காசுக்குத்தான். உணவுக்குழாயைத் தாண்டி இரைப்பைக்குள் இறங்கிவிட்ட காசு அநேகமாக ஓரிரு வாரத்தில் மலத்தோடு வெளியேறிவிடும். விழுங்கப்படும் பொருள்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு தானாகவே போய்விடுகின்றன. மீதியில் பெரும்பகுதியை எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம். அறுவை சிகிச்சை வரை போவது நூறில் ஒன்றுக்கும் குறைவு.

இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த மருத்துவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் குழந்தைகள் மருத்துவத் துறையில் பணிபுரியும் ஆறு பேர் ஆளுக்கொரு லெகோ பொம்மையின் தலையை விழுங்கிவிட்டு, அது எப்போது வெளியே வருகிறது என்று தினமும் தேடினார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரியாக 1.71 நாளில் பொம்மைத் தலை வந்து சேர்ந்தது. ஒருவருக்கு மட்டும் கடைசி வரை கண்ணில் படவே இல்லை. வழவழப்பான சிறு பொருளை விழுங்கிய குழந்தையின் பெற்றோர் தினமும் மலத்தைக் கிளறிக்கொண்டு கவலைப்பட வேண்டியதில்லை என்று அவர்கள் சொன்னதற்கு இந்த அனுபவம் பக்கபலம்.

ஆனால், காசு தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயிலேயே நின்றுவிட்டால் கதை வேறு. எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். குழந்தை சாப்பிட மறுக்கும், நெஞ்சைத் தொட்டுக் காட்டும், குடித்த தண்ணீரையும் கக்கும். சில குழந்தைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் விளையாடிக்கொண்டும் இருக்கும். எனவே காசு விழுங்கியது தெரிந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும், எக்ஸ்ரே எடுத்து அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. வாழைப்பழமும் சோற்று உருண்டையும் விளக்கெண்ணெயும் காசை வேகமாகத் தள்ளுவதில்லை. குழாய் வழியாக எடுக்க வேண்டி வந்தால் குழந்தைக்கு மயக்க மருந்து தரவேண்டும். அப்போது வயிறு காலியாக இருப்பது அவசியம். வழியில் ஊட்டிய ஒரு வாழைப்பழம் சிகிச்சையைச் சில மணி நேரம் தள்ளிப்போட்டுவிடும்.

எக்ஸ்ரே வேண்டும் என்பதற்கு முக்கியமான இன்னொரு காரணம், குழந்தை விழுங்கியது உண்மையில் காசுதானா என்ற கேள்வி. 2019-ல் வெளியான புது வரிசை ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர். டி.வி. ரிமோட், எடை பார்க்கும் கருவி, கார் சாவி, மெழுகுவத்தி போல மினுங்கும் விளக்கு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இருக்கும் வட்டமான லித்தியம் பேட்டரியின் விட்டமும் அதே 20 மில்லிமீட்டர். “ஏதோ வெள்ளையா, வட்டமா வாயில போட்டான்” என்று மட்டும் அக்கா சொன்னால், அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் காசு ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரியின் ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும். மருத்துவர்கள் தேடுவது அந்த இரட்டை வளையத்தைத்தான்.

பேட்டரி காத்திருக்காது. உணவுக்குழாயின் ஈரச் சுவரில் அது ஒட்டிக்கொண்டதும் மின்சுற்று முழுமையாகிறது. எதிர்முனை தொடுகிற இடத்தில் கடுமையான காரம் உண்டாகித் திசுவைக் கரைக்கத் தொடங்குகிறது. பேட்டரி உடைந்து உள்ளிருப்பது கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். புத்தம் புதிதாக, ஒரு கீறலும் இல்லாமல் இருக்கும் பேட்டரியே இதைச் செய்துவிடும். ரிமோட்டில் தீர்ந்துபோனது என்று கழற்றி வைத்த பேட்டரியிலும் இந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். உணவுக்குழாயில் ஓட்டை விழலாம், பக்கத்து ரத்தக்குழாய் அரிக்கப்பட்டுப் பல நாள் கழித்துக்கூட உயிருக்கே ஆபத்து வரலாம். “காலையில டாக்டர்கிட்ட காட்டலாம்” என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. உடனே, அந்த நிமிடமே, எண்டோஸ்கோப்பி வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வழியில் வீட்டார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: தேன். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, தேன் பேட்டரியின் மேல் படர்ந்து காரத்தின் வேகத்தைத் தணிக்கிறது என்று காட்டியது. அமெரிக்க நச்சுத் தகவல் மையத்தின் வழிகாட்டுதல், ஒரு வயது நிரம்பிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு, பேட்டரி உள்ளே போய் 12 மணி நேரத்துக்குள் இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 10 மில்லி தேன் கொடுக்கலாம் என்கிறது. அதிகபட்சம் ஆறு தடவை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. தேன் பாட்டிலைத் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை வீணாக்கவும் கூடாது. தேன், மருத்துவமனைக்குப் போகும் வழிக்கான உதவிதான், சிகிச்சை ஆகாது.

ஜாக்சன் காலத்துப் போராட்டம் பேட்டரி விஷயத்தில் மறுபடி நடந்தது. இத்தகைய பேட்டரிகளுக்கும் அவை உள்ள பொருள்களுக்கும் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை 2022-ல் ஆஸ்திரேலியா நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியை விழுங்கி இறந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் பெயரில் அதே ஆண்டு அமெரிக்காவிலும் சட்டம் வந்தது. மகளை இழந்த தாய் அதற்காகப் போராடினார். பேட்டரி இருக்கும் மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும் என்பது இத்தகைய விதிகளின் சாரம். நம் வீட்டு ரிமோட்டுகள் பலவற்றில் மூடி வெறுமனே நழுவித் திறக்கும். ஒரு தடவை கீழே விழுந்தாலே பேட்டரி தெறித்து ஓடும். இங்கேயும் இந்த விதி கடுமையாக வரவேண்டும். அதுவரை மூடியின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

காந்தமும் பொறுக்காத வகையைச் சேர்ந்தது. ஒற்றைக் காந்தம் பெரும்பாலும் தானாகப் போய்விடும். இரண்டு போனால், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் போனால், குடலின் இரண்டு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்துக் குடலை நடுவில் நசுக்கும். நசுங்கிய இடம் ரத்த ஓட்டமின்றி ஓட்டையாகும். ஆரம்பத்தில் சாதாரண வயிற்று வலி, வாந்தி போலவே இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பூஜாடியில் அழகுக்குப் போடும் நீர் உறிஞ்சி உருண்டைகளும் அப்படியே. காய்ந்த நிலையில் சவ்வரிசி அளவுதான். குடலுக்குள் போய்ப் பல மடங்கு ஊதி அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயிலும் தெரியாது.

உணவுக்குழாயைவிட மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிற பொருள்தான் வீட்டிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, சீதாப்பழ விதை ஆகியவைதான் நம் ஊரில் அடிக்கடி மாட்டுகிறவை. வாயில் கடலையோடு குழந்தை சிரிக்கிறது, அழுகிறது, ஓடுகிறது. இழுத்த மூச்சோடு கடலையும் உள்ளே போகிறது. வலது மூச்சுக்கிளை இடதைவிட அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கே போய் உட்காரும்.

முதலில் புரையேறி ஒரு கடும் இருமல். பிறகு அமைதி. இந்த அமைதிதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. “சரியாயிடுச்சு” என்று விட்டுவிடுகிறார்கள். நாளாக ஆக, கடலையின் எண்ணெய் உள்சுவரைப் புண்ணாக்கும். ஈரத்தில் கடலையே ஊறிப் பெருக்கும். தீராத இருமல், ஒரு பக்கம் மட்டும் இழுப்புச் சத்தம், திரும்பத் திரும்ப நிமோனியா. சளி மருந்தும் வீசிங் மருந்தும் மாறி மாறிக் கொடுத்து வாரங்கள் ஓடியிருக்கும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால், “அன்னைக்குக் கடலை தின்னும்போது புரையேறிச்சு” என்று வீட்டார் சொல்லும் ஒரு வரியே இங்கே பெரிய தடயம். அந்த வரியைக் கேட்டால் மருத்துவர் மூச்சுக்குழாயை உள்ளே பார்த்துவிட ஏற்பாடு செய்வார்.

மூச்சு அடைத்த அந்த நிமிடத்தில் கவனிக்க வேண்டியது சத்தம். குழந்தை பலமாக இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போய் வருகிறது. இருமட்டும், கைவைக்க வேண்டாம். சத்தமே வராமல் வாயைத் திறந்து திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், உடனே இறங்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு தட்ட வேண்டும். பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு விலகும் வரை இப்படியே மாற்றி மாற்றி. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, முன்னால் குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு. பலனில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே மூடிய கைமுஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து இழுப்பு. ஹென்றி ஹைம்லிக் 1974-ல் எழுதி வெளியிட்ட முறை இது. கைக்குழந்தையின் வயிற்றில் இதைச் செய்யக் கூடாது, ஈரல் காயப்படும். குழந்தை துவண்டு மயங்கினால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

வாய்க்குள் கண்ணுக்குத் தெரிகிற பொருளை எடுக்கலாம். தெரியாததைத் தேடி விரலை விட்டால், மேலே இருப்பது கீழே இறங்கி அடைத்துக்கொள்ளும். விழுங்கியதை எடுக்க உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி வரவழைப்பதும் அப்படித்தான். வயிற்றுக்குள் சும்மா கிடந்த பொருள் திரும்பி வரும் வழியில் மூச்சுக்குழாய்க்குள் நுழையலாம்.

மூக்கில் போட்டுக்கொள்வது இதைவிடச் சாதாரணமான விஷயம். மணி, பட்டாணி, பென்சில் ரப்பர், புளியங்கொட்டை. பல குழந்தைகள் சொல்வதே இல்லை. ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிகிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். ஹேர்பின், தீக்குச்சி கொண்டு குடைந்தால் உருண்டையான பொருள் இன்னும் உள்ளே உருண்டு போகும். மருத்துவமனையிலும் முதல் முயற்சியில்தான் வெற்றி வாய்ப்பு அதிகம். வீட்டில் குடைந்து, வீங்கி, ரத்தம் கசிந்து, குழந்தையும் மிரண்ட பிறகு எல்லாமே கடினம்.

1965-ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸியைச் சேர்ந்த ஒரு பொது மருத்துவர் இதற்கு ஓர் எளிய வழியை எழுதினார். இன்று அதற்குத் ‘தாய் முத்தம்’ என்று பெயர். தாய் தன் வாயைக் குழந்தையின் வாய்மேல் இறுக்கமாக வைத்து, அடைப்பில்லாத மூக்கை விரலால் மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சட்டென்று ஊதுகிறார். காற்று தொண்டை வழியாகச் சுற்றி வந்து, அடைத்த மூக்கின் பின்பக்கமிருந்து பொருளை வெளியே தள்ளுகிறது. இடுக்கி, மயக்க மருந்து ஒன்றும் வேண்டாம். 2012-ல் கனடா மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வில் பத்தில் ஆறு குழந்தைகளுக்கு இது பலித்திருந்தது. மருத்துவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கச் செய்வதே சரி. மூக்கில் பேட்டரி என்றால் சொட்டு மருந்தோ உப்புநீரோ விடாமல் விரைய வேண்டும். சில மணி நேரத்தில் மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகிவிடும்.

காதில் பயறோ விதையோ போனால் தண்ணீர் விடக் கூடாது, ஊறிப் பெருக்கும். உயிருள்ள பூச்சி நுழைந்து குழந்தை துடித்தால் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாம், பூச்சி அடங்கும். சீழ் வடிகிற காது, செவிப்பறையில் ஓட்டை உள்ள காது என்றால் எண்ணெயும் கூடாது.

குன்றிமணியும் கற்பூரமும் நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகள். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிற சிவப்பும் கறுப்புமான அந்த மணியின் ஓடு கெட்டியானது. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றால் உள்ளிருக்கும் நஞ்சு கொடியது. கற்பூரமோ கல்கண்டு போல வெள்ளையாக, குழந்தையின் கைக்கு எட்டும் பூஜைத் தட்டில் கிடக்கிறது. சிறு குழந்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். இரண்டிலுமே வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் பலர் மறப்பது, அடியின் விளைவை. “சொன்னா கேக்கறியா?” என்று முதுகில் ஒன்று வாங்கிய குழந்தை, அடுத்த முறை விழுங்கியதை மறைக்கும். மூக்கில் போட்ட மணியை ஒரு மாதம் ஆனாலும் சொல்லாது. கணவரும் மாமியாரும் “நீ என்ன பண்ணிட்டிருந்தே?” என்று பாய்ந்தால் அம்மாவும் சொல்லத் தயங்குவாள். யாரும் பார்க்காமல் விழுங்கப்பட்ட பேட்டரிகள்தான் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டு அதிகச் சேதம் செய்கின்றன. பயமில்லாமல் உண்மையைச் சொல்ல முடிகிற வீட்டில் அந்த இரண்டு மணி நேரம் வீணாகாது. அண்ணன், அக்காவிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். தம்பி வாயில் போட்டதை முதலில் பார்ப்பவர்கள் அவர்களே.

வாங்கும்போதும் கொஞ்சம் பார்க்கலாம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடைகளில் முத்திரை இல்லாதவை இன்னும் குவிந்துதான் கிடக்கின்றன. மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மைகளைச் சோதிக்க உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர் உள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆபத்தானது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிய பொருளும் குழந்தையின் தொண்டைக்கு ஆபத்துதான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சமையலறையில் நான்கு, ஐந்து வயது வரை முழுக் கடலை வேண்டாம். பொடித்துக் கொடுக்கலாம், நவராத்திரிச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம், திராட்சையை நீளவாக்கில் நறுக்கலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது, விழுங்கியது போன்ற இன்னொரு பொருள் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்: அதே மாலையின் மணி, அதே ஜோடியின் தோட்டுத் திருகாணி, பேட்டரி இருந்த ரிமோட் அல்லது அதன் உறை. எத்தனை மணிக்கு நடந்தது, குழந்தை கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டரியின் மேல் உள்ள எண்ணைப் படித்துச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும். சி.ஆர். 2032 என்றிருந்தால் அது லித்தியம் பேட்டரி, விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர்.